நஜ்வாவுக்குக் கொடுத்த வாள்

சார் தமிழா? பையிலருந்து பொன்னாடை ஜரிகை எட்டிப் பாக்குதே, அதை வச்சுத்தான் கேட்டேன். இந்த நாட்டுல பஸ்ல வர்றவன் பையில ஜரிகை இருந்தா அது நம்மாளாத்தான் இருக்கணும். உக்காருங்க, உக்காருங்க. ஜன்னலோரம் வேணுமா? வேண்டாமா? அதுவும் சரிதான். சிகாகோ வரைக்கும் வெளிய பனியத் தவிர ஒண்ணும் கிடையாது.

மக வீட்டுக்கு வந்தீங்களா? சங்கத்துல கூப்பிட்டுப் போத்திட்டாங்களாக்கும். நல்லது. பொன்னாடையோட விட்டாங்களே! வாள் ஏதும் குடுக்கலையே? சிரிக்காதீங்க சார், நான் வேடிக்கைக்குக் கேக்கல. யாராவது மேடையில வாளக் குடுத்தா வாங்காதீங்க. வாங்கினாலும் தூக்காதீங்க.

நான் கோமதிநாயகம். சங்கரன்கோவில் பக்கம். இங்க வந்து பத்தொம்பது வருசம் ஆச்சு. கார் பார்ட்ஸ் கம்பெனில வேலை. எங்க ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்கு ரெண்டு தடவை தலைவரா இருந்தேன். இப்ப இல்ல. இப்ப சிகாகோவுக்கு எதுக்குப் போறேன்னா, இந்தியப் பாஸ்போர்ட்ட ஒப்படைக்க. ஆமா, இந்த நாட்டுச் சிட்டிசன் ஆயிட்டேன். மூணு மாசம் ஆச்சு. வாழ்த்தெல்லாம் இருக்கட்டும் சார்.

அந்தச் சிட்டிசன் மனுவ எழுதிப் போட்டதே ஒரு பாலஸ்தீனத்து அம்மாதான். நஜ்வான்னு பேரு. பாலஸ்தீனம்னா அங்க பொறந்தவங்க இல்ல. அவங்கப்பா நாப்லஸ் பக்கத்துல ஏதோ கிராமத்துலருந்து வந்து இங்க எங்க ஊர்ல துணி தேய்க்கிற கடை போட்டவரு. அம்மா காசாக்காரங்க. இந்தம்மா பொறந்தது எங்க பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கிற ஆஸ்பத்திரியில. படிச்சு வக்கீலாகி, கவுண்டி நடத்துற இலவசச் சட்ட உதவி ஆபீஸ்ல உக்காந்திருந்தாங்க. கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரின்னு வச்சுக்கோங்க.

எட்டு வருசத்துக்கு முந்தி என் கம்பெனிக்காரன் என் விசாப் பேப்பர நேரத்துக்கு அனுப்பாமத் தொலைச்சுட்டான். அறுபது நாள்ல நாட்ட விட்டுப் போன்னு கடுதாசி. நம்ம வக்கீலுக நாலு பேரப் பாத்தேன். நாலு பேரும் சொல்லிவச்ச மாதிரி, ‘கஷ்டம் சார்’னானுக. இந்தம்மாகிட்ட போனேன். ஃபைலப் பொரட்டிப் பாத்துட்டு, ‘கஷ்டம்தான். உக்காருங்க’ன்னாங்க. அந்த ‘உக்காருங்க’தான் சார் வித்தியாசம். அம்பத்து மூணாவது நாள் காப்பாத்தி விட்டாங்க. வடிவு, அதாவது என் வீட்டுக்காரி, அழுதுட்டா. ஒரு தூக்குல, சோத்துக்கு ஊத்திக்கன்னு சொதி வச்சுக் கொண்டுபோய்க் குடுத்தா. அந்தம்மா அதை சூப்புன்னு நெனச்சு டம்ளர்ல ஊத்திக் குடிச்சு, ரொம்ப நல்லாருக்குன்னாங்க.

நல்லவங்கதான். நான் இல்லைங்கல. ஆனா வாய் சும்மா இருக்காது.

கவுண்டி போர்டு மாசாமாசம் கூடும். யாரு வேணாலும் மைக் முன்னாடி மூணு நிமிசம் பேசலாம். இந்தம்மா ஆபீஸுக்கு லீவு போட்டுட்டுப் போய் நிப்பாங்க. ஊழியருங்க பென்ஷன் பணத்த குண்டு செய்யிற கம்பெனியில போடாதீங்க, அந்தக் குண்டு காசாவுல விழுதும்பாங்க. ஒரு தடவை பேசிக்கிட்டிருக்கும்போதே மைக்க அணைச்சுட்டாங்க. இன்னொரு தடவை ரோட்டுல உக்காந்து போலீஸ் தூக்கிட்டுப் போச்சு. பேப்பர்ல போட்டோ. ரேடியோவுல ஒருத்தன், இவள வந்த எடத்துக்கே அனுப்புங்கன்னான். எங்கன்னு அனுப்புறது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடியா?

பாதி ஊரு தீவிரவாதின்னுச்சு. சரி, அவங்க ஆளுகளாவது தலையில தூக்கி வச்சாங்களான்னா அதுவும் கிடையாது. ஒரு ஊர்வலத்துல அவங்க பக்கத்து ஆளு ஒருத்தன் மேடையேறி யூதருங்களக் கேவலமாப் பேசிட்டான். இந்தம்மா விறுவிறுன்னு போய் அவன் கையிலருந்த மைக்கப் புடுங்கி, ‘எறங்கு’ன்னாங்க, ஆயிரம் பேரு முன்னாடி. அன்னைலருந்து அவங்க பெரிய மனுசங்க வீட்டுக் கல்யாணத்துக்கு இவங்களுக்குப் பத்திரிகை கிடையாது. ரெண்டு பக்கமும் கெட்ட பேரு வாங்கறதுக்குத் தனித் தெறம வேணும் சார்.

காசாவுல சண்டை உச்சத்துல இருந்தப்ப அம்மா வழிச் சொந்தம் பதினேழு பேரு ஒரே வீட்டுல போயிட்டாங்க. வெளிய சொல்லல. சிட்டிசன் மனுவுல நான் கையெழுத்துப் போடப் போனப்பத் தெரிஞ்சுது. சாரின்னேன். வேற என்னத்தச் சொல்ல? அன்னைக்கும் ஆபீஸ்ல உக்காந்து எவனோ ஒருத்தன வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்ன கேஸப் பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்பத்தான் கேட்டாங்க, ‘உங்க ஜனங்களுக்கும் இலங்கையில இப்படி நடந்துச்சாமே மிஸ்டர் நாயகம், அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?’ன்னு.

எனக்கு ஆவேசம் வந்துருச்சு சார். ரெண்டாயிரத்து ஒம்போது! நானும் இருபது பேரும் மெழுகுவத்தியப் புடிச்சுக்கிட்டுக் குளிர்ல நின்னோம். ஒரு பத்திரிகைக்காரன் எட்டிப் பாக்கல. எல்லாத்தையும் சொன்னேன். ‘உலகமே வாயப் பொத்திக்கிட்டு உக்காந்து பாத்துச்சு மேடம், அப்படி உக்காந்திருந்தவன் ஒருத்தனையும் நான் மன்னிக்க மாட்டேன்’னு மேசையத் தட்டிச் சொன்னேன். அந்தம்மா எந்திரிச்சு வந்து என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. நீங்களே சொல்லுங்க, நான் சொன்னதுல தப்பு உண்டா?

அந்த உணர்ச்சியிலதான் பொங்கலுக்குக் கூப்பிட்டேன். போன வருசப் பொங்கல். இங்க பொங்கல்னா தையில கிடையாது, ஹால் கிடைக்கிற சனிக்கிழமைதான் பொங்கல். ஹைஸ்கூல் ஆடிட்டோரியம் கிடைச்சுது. சிறப்பு விருந்தினர் நஜ்வா மேடம். பொன்னாடை எல்லாருக்கும் போத்துறதுதானே? பல் டாக்டருக்குப் போத்துவோம், சாப்பாட்டுக்காரருக்குப் போத்துவோம், மைக் செட்டுக்காரனுக்கும் போத்தியிருக்கோம். இந்தம்மா நம்மாளுக எத்தனை பேருக்குப் போராடினவங்க! ‘இவங்களுக்கு வீரவாள்தான் சரி’ன்னேன். யோசனை என்னுதுதான், நான் மறைக்கல. நம்ம ஊர்ல தலைவருங்களுக்குக் குடுப்பாங்கல்ல, அதே மாதிரி. மதுரையில தகரத்துல அடிச்சு வெள்ளிக் கலர் பூசினது. வெல்வெட் உறை. மச்சான் சூட்கேஸ்ல வச்சுக் கொண்டுவந்தான். அதால வாழைப்பழத்தக்கூட நறுக்க முடியாது சார்.

மேடையில குடுத்தேன். வாங்கிட்டு, ஒட்டடக் கம்பப் புடிக்கிற மாதிரி புடிச்சுக்கிட்டு முழிக்கிறாங்க. ‘இது எதுக்கு மிஸ்டர் நாயகம்?’ ‘மரியாதை மேடம்.’ ‘இப்ப நான் என்ன பண்ணணும்?’ ‘உயரத் தூக்கிக் காட்டணும்.’ யோசிச்சாங்க. ‘பள்ளிக்கூடமாச்சே, நல்லாருக்குமா?’ன்னாங்க. நான் விடல. தூக்கலன்னா குடுத்தவனுக்கு அவமானம்னேன். முழங்கையப் புடிச்சு நான்தான் தூக்கி விட்டேன். ஹாலே அதிருது, விசிலும் குலவையும். அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு, வாயத் தொறந்து சிரிக்கிறாங்க. கிளிக்!

இந்தாங்க, என் போன்லயே இருக்கு. பாருங்க. இது அவங்க. இது வாள். இங்க தெரியுது பாருங்க, முழங்கைக்குக் கீழ ஒரு கை, அது என்னுது. மோதிரம் தெரியுதா? சங்கத்து வெப்சைட்ல போட்டப்ப நம்ம செக்ரட்டரி இளவழகன் இந்தப் பக்கத்த வெட்டிட்டான். கெட்ட எண்ணமெல்லாம் இல்ல, படம் அழகா இருக்கணும்னுதான்.

அழகாத்தான் இருந்துச்சு. நாலாவது நாள் எவனோ எடுத்துப் போட்டுட்டான். பள்ளிக்கூடத்துக்குள்ள வாள உருவின வக்கீல்னு. அடுத்த நாள் ரேடியோ. அதுக்கடுத்த நாள் பெத்தவங்க நூறு பேரு போர்டுக்குக் கடுதாசி. கவுண்டிச் சம்பளம் வாங்குற ஆளு, தீவிரவாதக் கூட்டத்துல ஆயுதத்தத் தூக்கிக் கூச்சல் போட்டிருக்கு, வேலையிலருந்து தூக்குங்கன்னு. தீவிரவாதக் கூட்டமாம்! சர்க்கரைப் பொங்கல் கிண்டி, கோலப்போட்டி வச்சு, சின்னப்புள்ளைக மயிலாட்டம் ஆடின கூட்டம்! எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. வீட்டுக்குள்ள குறுக்கயும் நெடுக்கயும் நடந்து கத்தினேன். வடிவுகிட்ட கேட்டுப் பாருங்க.

போர்டு விசாரணைன்னு தேதி போட்டாங்க. அந்தம்மா போன் பண்ணினாங்க. மத்தவங்க மாதிரி கெஞ்சல, அழல. ‘மிஸ்டர் நாயகம், நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க வந்து, இது உங்க வழக்கம், மேடையில குடுக்கிற மரியாதை, நீங்கதான் தூக்கச் சொன்னீங்கன்னு சொல்லுங்க. மூணு நிமிசம் போதும். அந்த முழுப் படத்தையும் காட்டுங்க’ன்னாங்க. ‘என்ன மேடம் இப்படிக் கேக்குறீங்க, இது என் கடமை, கண்டிப்பா வருவேன்’னேன். மனசாரத்தான் சொன்னேன்.

அப்புறம் அவங்களே சொன்னாங்க, ‘ஒண்ணு யோசிச்சுக்கோங்க, உங்க சிட்டிசன் இன்டர்வியூ விசாரணை முடிஞ்சு ஒம்போதாவது நாள் வருது. பேசறதால சட்டப்படி ஒண்ணும் ஆகாது. ஆனா காலம் சரியில்ல. பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற வழி பாக்கறேன்’னு. மனு போட்டவங்க அவங்கதானே, தேதி அவங்களுக்கு மனப்பாடம். ‘பயமா? எனக்கா?’ன்னேன். அவங்க சொல்ற வரைக்கும் அது எனக்குத் தோணவே இல்ல சார், சத்தியமா. சொல்லி வச்சாங்க பாருங்க, அன்னைக்கு ராத்திரிலருந்து தூக்கம் போச்சு. அவங்க அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

ஞாயித்துக்கிழமை சங்கக் கமிட்டி கூடிச்சு. பதினோரு பேரு. அதுல எட்டுப் பேரு விசாவுல இருக்கான். ‘சங்கம் பேரு கெட்டா தமிழ்ப் பள்ளிக்கு வகுப்பறை தர மாட்டான்’ங்கறான் ஒருத்தன். ‘நாயகம் அண்ணே, உங்களுக்கு இன்டர்வியூ வேற’ங்கறான் இன்னொருத்தன். நேர்ல போய்ப் பேசினா உணர்ச்சிவசப்பட்டு ஏதாவது உளறிருவோம், எழுத்துல குடுத்துட்டா கௌரவமா இருக்கும்னு இளவழகன் ஒரு கடிதம் எழுதினான். நல்ல இங்கிலீஷு. சங்கத்துக்கு அரசியல் கிடையாது. விருந்தினரோட கருத்துகள் எங்களுக்குத் தெரியாது. மேடையில குடுத்தது நாடகப் பொருள். அதை உயர்த்திக் காட்டினது விருந்தினர் தன் விருப்பத்துல செஞ்சது.

கடைசி வரியப் படிச்சப்ப ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, அதுவும் பொய்யில்லையே? கை அவங்க கைதானே? நான் கொஞ்சம் தாங்கினேன், அவ்வளவுதான். தலைவர்ங்கற மொறையில கையெழுத்துப் போட்டேன். மத்த எல்லாரும் கை தட்டினாங்க. எதுக்குத் தட்டினாங்கன்னு இன்னை வரைக்கும் எனக்கு விளங்கல.

அந்தம்மாகிட்ட சொல்லணும்னு நெனச்சேன். நெனச்சேன் சார். கூப்பிட்டா என்ன சொல்றதுன்னு தெரியல. நூறு கடுதாசி வந்து கெடக்குது, அதுல இதையா எடுத்துப் படிக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்.

ஆனா விசாரணைக்குப் போனேன். அதை எவனும் இல்லைன்னு சொல்ல முடியாது. வடிவு போகாதீங்கன்னா. வாக்குக் குடுத்தா மாற மாட்டேன், வர்றேன்னு சொன்னேன்ல, வந்தேன். மூணாவது வரிசை, ஓரத்துலருந்து ரெண்டாவது சீட்டு. வாசல்ல மஞ்சச் சீட்டு குடுத்தாங்க, பேசறவங்க பேர எழுதிக் குடுக்கணும். வாங்கிப் பையில வச்சுக்கிட்டேன். ஹால் நெறஞ்சு போச்சு. அந்தம்மா முன்னாடி தனியா ஒரு மேசையில. திரும்பிப் பாத்தாங்க. என்னப் பாத்துட்டாங்க. அந்த மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு சார். நான் குனிஞ்சு ஷூ லேஸக் கட்டினேன்.

இருபது பேரு பேசினாங்க. பதினேழு பேரு திட்டினாங்க. அந்தம்மாவும், அது மேடையில குடுத்த மரியாதை, தூக்கச் சொன்னாங்க, தூக்கினேன்னு சொன்னாங்க. அப்புறம் போர்டுத் தலைவரு, ‘நிகழ்ச்சிய நடத்தினவங்களே ஒரு கடிதம் குடுத்திருக்காங்க’ன்னு எடுத்தாரு. நூறு கடுதாசியில அதைத்தான் எடுத்தாரு சார்! வரி விடாமப் படிச்சாரு. என் பேரையும் படிச்சாரு. அந்தம்மா மேசையில பேனாவ ஒரு தடவை திருப்பி வச்சாங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் பண்ணல.

போர்டுல ஒரு கெழவி, அவ கொஞ்சம் ஞாயமானவ. அவ கேட்டா, ‘நஜ்வா, நீங்க சொல்றதும் இதும் ஒத்து வரலையே? கையெழுத்துப் போட்டவர் இங்க இருக்காரா? இருந்தா அவரையே கேட்டுடலாமே?’ன்னு.

அந்தம்மா திரும்பினாங்க. நேரா மூணாவது வரிசை. நேரா என் மூஞ்சிய. எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாது. நான் எந்திரிக்கத்தான் இருந்தேன் சார். முட்டி அசையல. முட்டி அசையாட்டி மனுசன் என்ன பண்ணுவான்?

திரும்பி போர்டப் பாத்துச் சொன்னாங்க, ‘இல்ல. அவர் வரல.’

எப்படி இருக்கும் எனக்கு? நீங்களே சொல்லுங்க. ஊரெல்லாம் அந்தம்மா உண்மையத் தவிர வேற பேச மாட்டாங்கன்னு சொல்லும். நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், கண்ணோட கண்ணு பாத்துட்டு, வரலைங்கறாங்க! வடிவு சொல்றா, ‘உங்க இன்டர்வியூ கெட்டுடக் கூடாதுன்னுதான் அப்படிச் சொல்லியிருப்பாங்க’ன்னு. நான் அவளச் சத்தம் போட்டேன். அவங்க வேலையே போயிட்டிருக்கு, அந்த நேரத்துல எவளாவது என் இன்டர்வியூவ நெனப்பாளா? என்னை ஒரு மனுசனா மதிக்கல, அதான். அப்படித்தான் நான் எடுத்துக்கிட்டேன்.

நாலுக்கு ஒண்ணு ஓட்டு. வேலை போச்சு. அந்தக் கெழவி ஒருத்திதான் எதுத்துக் கை தூக்கினா.

வாசல்ல நின்னேன், ரெண்டு வார்த்தை சொல்லலாம்னு. முட்டி விசயத்த விளக்கணும்ல. கூட்டத்தோட வந்தாங்க. எவனோ கத்திக்கிட்டே பின்னாடி வர்றான், திரும்பிப் பாக்கல. என் பக்கத்துல வந்தப்ப நடைய நிறுத்தாமலே மெதுவாச் சொன்னாங்க, ‘இருபத்தி நாலாம் தேதி. எட்டரை மணி. மூணு வருச வரிப் பேப்பர வரிசையா அடுக்கி எடுத்துட்டுப் போங்க. புது வக்கீல் யாரும் கூட வர மாட்டாங்க, தனியாப் பேசிப் பழகிக்கோங்க.’ போயிட்டாங்க.

இன்டர்வியூ பன்னெண்டு நிமிசம். ஆபீசர் பொம்பளப்புள்ள, சிரிச்ச மொகம். வாளப் பத்திக் கேக்கல. சங்கத்தப் பத்திக் கேக்கல. நஜ்வா மேடத்தப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நான் ராத்திரி ராத்திரியா மனப்பாடம் பண்ணி வச்சிருந்த பதில் எதுக்கும் கேள்வியே வரல சார். வெளிய வந்து முதல்ல அந்தம்மா நம்பருக்குத்தான் அடிச்சேன், பாசாயிட்டேன்னு சொல்ல. ஆபீஸ் போனு. இந்த எடம் காலியா இருக்குன்னு மிசின் பேசுது. அந்த எடத்துக்கு இன்னும் ஆள் போடல. போட மாட்டாங்கன்னும் சொல்றாங்க. நம்ம பசங்க ரெண்டு பேருக்கு இப்ப அதே அறுபது நாள் கடுதாசி வந்திருக்கு. என்கிட்ட வந்து, ‘அண்ணே, உங்களுக்கு ஒரு அம்மா இருந்தாங்களே’ங்கறானுக.

எங்க இருக்காங்கன்னு தெரியல. ஓஹயோன்னு ஒருத்தன் சொல்றான். அப்பா கடையில துணி தேய்க்கிறாங்கன்னு ஒருத்தன். கடை எங்க ஊர்லதான் இருக்கு, வீட்டுலருந்து கார்ல போனா எட்டு நிமிசம். நான் அந்தப் பக்கம் போறதில்ல. ரோடு சரியில்ல.

ஒண்ணு மட்டும் உறுத்துது சார். கவுண்டி எல்லாக் கூட்டக் குறிப்பையும் வெப்சைட்ல போடும். போய்ப் பாத்தேன். ஒம்போதாம் பக்கம். ‘கடிதத்தில் கையெழுத்திட்டவர் கூட்டத்துக்கு வரவில்லை.’ அப்படியே எழுதி வச்சிருக்கான். நூறு வருசம் கழிச்சும் அது அப்படியேதான் இருக்கும்ல? குறிப்புல தப்பு இருந்தா யாரு வேணாலும் மெயில் போட்டுத் திருத்தச் சொல்லலாம், அதுக்கு ஒரு விலாசம் இருக்கு. எழுதி வச்சிருக்கேன். ‘ஐயா, நான் வந்திருந்தேன். மூன்றாவது வரிசையில் இருந்தேன்.’ ரெண்டே வரி. மூணு மாசமா போன்லயே கெடக்குது.

இப்பத்தான் சிட்டிசனாச்சே, இன்னும் என்ன பயம்னு கேக்குறீங்க. பயமெல்லாம் ஒண்ணும் இல்ல சார். அனுப்பினா, அப்ப ஏன் எந்திரிக்கலன்னு கேப்பாங்கல்ல.